குடியிருப்பில் சமரசக் குழு தொடங்குகிறோம்: தன்னார்வலர்களுக்கு என்ன பயிற்சி, அமர்வை எப்படி நடத்துவது?

வாசல்திண்ணை (கேள்வி):

வணக்கம். சுமார் 300 குடும்பங்கள் உள்ள குடியிருப்பு. இரவுச் சத்தம், வண்டி நிறுத்துமிடம், மேல்வீட்டுத் தண்ணீர் கீழே வழிவது, வளர்ப்பு நாய், பராமரிப்புப் பணக் கணக்கு, பிள்ளைகள் சண்டை பெற்றோர் சண்டையாவது என்று வழக்கமான தகராறுகள்தான். இதுவரை சங்க நிர்வாகிகள் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்துத் தீர்ப்புச் சொல்லி வந்தார்கள். தோற்ற தரப்பு அப்போதைக்கு வாயை மூடிக்கொண்டு போகும், கொஞ்ச நாளில் அதே சண்டை வேறு காரணத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப வரும்.

தீர்ப்பை விட்டுவிட்டு, இருவரையும் பேசவைத்து அவர்களே முடிவுக்கு வர உதவுகிற குழுவாக இதை மாற்ற நினைக்கிறோம். 14 பேர் முன்வந்திருக்கிறார்கள். எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? அமர்வை எப்படி நடத்துவது? எந்தத் தகராறுகளைக் கையில் எடுக்கக் கூடாது? பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நடுக்கல்:

அமர்விலிருந்து தொடங்குகிறேன். அது எப்படி நடக்க வேண்டும் என்று தெளிவானால் பயிற்சியில் என்ன வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பாதி வேலை அமர்வுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தரப்பையும் தனியாக 30 முதல் 45 நிமிடம் சந்தியுங்கள். என்ன நடந்தது, அதனால் அன்றாட வாழ்க்கையில் என்ன கெட்டது, எது நடந்தால் போதும் என்று நினைக்கிறார், எதிர்த் தரப்பின் முன்னால் பேசப் பயமோ தயக்கமோ உண்டா: இவை தெரிய வேண்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டீர்கள், வருவது கட்டாயமில்லை, நடுவில் எழுந்து போகவும் உரிமை உண்டு, பேசியது வெளியே போகாது (அதற்குள்ள விதிவிலக்குகளையும் சேர்த்து) என்று விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். இந்தச் சந்திப்பைத் தவிர்த்துவிட்டு நேரே எதிரெதிரே உட்காரவைப்பதுதான் புதுக் குழுக்கள் செய்கிற பெரிய தவறு. வாரக்கணக்கில் அடக்கி வைத்த கோபமெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் எதிராளியின் முகத்தில் கொட்டிவிடும்.

அமர்வில் நடுநிலையாளர் இருவர் இருக்கட்டும். ஒருவர் பேச்சை நடத்தும்போது மற்றவர் முகங்களைக் கவனிப்பார், விட்டுப்போனதைக் குறித்துக்கொள்வார். மேசைக்கு இரு பக்கமும் எதிரெதிராக உட்காரவைக்காதீர்கள். நாற்காலிகளை ‘ட’ வடிவில் போட்டால் இரு தரப்பும் நடுநிலையாளரைப் பார்த்துப் பேசலாம், முடிந்தபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். கதவுக்குப் போகும் வழியை யாரும் மறைக்கக் கூடாது. கைப்பேசிகள் அணைந்திருக்கட்டும், ஒலிப்பதிவு கூடாது. 90 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சினால் 2 மணி. அதைத் தாண்டினால் களைத்துப்போனவர் வீட்டுக்குப் போனால் போதும் என்று எதற்கும் தலையாட்டுவார், மறுநாள் மாறிவிடுவார். முடியாவிட்டால் இன்னொரு நாள் வைக்கலாம், தவறே இல்லை.

முறை இப்படி. 5 நிமிடத்தில் விதிகளைச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரும் 5 முதல் 10 நிமிடம், குறுக்கீடு இல்லாமல். எதிர்த் தரப்புக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். மறுக்க வேண்டியதை எழுதிக்கொண்டால் நாக்கு அடங்கும். ஒருவர் பேசி முடித்ததும் நீங்கள் அதைச் சுருக்கித் திருப்பிச் சொல்ல வேண்டும்: “மூணு வாரமா ராத்திரி தூக்கம் கெட்டுப்போச்சு, காலையில 5 மணி ஷிப்டுக்குப் போக முடியல, சொல்லியும் மதிக்கலன்னு மனசு வலிக்குது. நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?” கடைசியில் வரும் அந்த “சரியா?” இல்லாவிட்டால், நீங்களே அதை ஏற்றுக்கொண்டு பேசுவதாக மறுதரப்பு நினைக்கும். “நீங்க சொல்றது நியாயம்தான்” என்ற வாக்கியம் வாயிலிருந்து வரவே கூடாது.

அடுத்து, பேச வேண்டியவற்றை நடுநிலைச் சொற்களில் எல்லாருக்கும் தெரிய எழுதுங்கள். “ராத்திரி ரகளை” என்று எழுதினால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். “இரவு நேரச் சத்தம்” போதும். அதன்பின் கோரிக்கைக்கு அடியில் இருக்கும் தேவையைத் தேடுங்கள். “பாட்டு வகுப்பையே நிறுத்து” என்பது கோரிக்கை, தூக்கம் என்பது தேவை. “தொந்தரவு செய்யாதே” என்பது கோரிக்கை, வாரத்தில் சில மணி நேரம் தடையில்லாமல் பயிற்சி செய்ய வேண்டும் என்பது தேவை. கோரிக்கைகள் இரண்டும் முட்டிக்கொள்ளும், தேவைகள் இரண்டும் ஒரே வாரத்துக்குள் அடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் “ஏன் செய்தீர்கள்?” என்று கேட்காதீர்கள், விசாரணை மாதிரி ஒலிக்கும். “அப்போ உங்களுக்கு எது முக்கியமா இருந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள், பதிலே வேறாக வரும்.

தீர்வுகளைக் கடைசியில்தான் தொட வேண்டும். நல்லது கெட்டது பார்க்காமல் ஐந்தாறு வழிகளையாவது எழுதிவிட்டுப் பிறகு அலசுங்கள். முதல் 20 நிமிடத்திலேயே யாராவது “இப்படிப் பண்ணிடலாமே” என்று ஆரம்பித்தால் குறித்துவைத்துக்கொண்டு, “இதுக்குத் திரும்ப வருவோம்” என்று ஓரமாக வையுங்கள். மனக்குறை இறங்காதவருக்கு எந்தத் தீர்வும் அவமானமாகவே படும். பேச்சு சிக்கிக்கொண்டால் இருவரையும் தனித்தனியே 10 நிமிடம் சந்திக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள். ஒருவரோடு 25 நிமிடம் இருந்தால் வெளியே காத்திருப்பவர் மனதில் அந்த 25 நிமிடமும் சந்தேகம் வளரும்.

---

பட்டறைக்காரர்:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் பயிற்சியைப் பத்தி மட்டும் சொல்றேன்.

சமூக சமரசத்துக்கான அடிப்படைப் பயிற்சி பல நாடுகள்ல 30 முதல் 40 மணி நேரம் வரை இருக்கு. ஓய்வு நேரத்துல வர்ற தன்னார்வலர்னா 30 மணி நேரத்தை ஐந்து முழு நாளாப் பிரிச்சு, வாரம் ஒரு நாள் வைங்க. நடுவுல கிடைக்கிற ஆறு நாள்ல வீட்டுலயும் வேலை இடத்துலயும் கத்துக்கிட்டதைச் செஞ்சு பார்க்க முடியும். மொத்தமா ஒரே வாரத்துல முடிச்சா குறிப்பேடு நிறையும், பழக்கம் வராது. 14 பேர் நல்ல அளவு. 16ஐத் தாண்டினா ஒவ்வொருத்தரையும் கவனிக்க இன்னொரு பயிற்சியாளர் வேணும்.

விரிவுரை மூணுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. மீதி முழுக்க நடிச்சுப் பழகறதுதான். நாலு நாலு பேரா பிரிங்க: தகராறுக்காரர் ரெண்டு பேர், நடுநிலையாளர் ஒருத்தர், கவனிப்பாளர் ஒருத்தர். இருக்கிற 14 பேர்ல ரெண்டு குழுவுல மூணு பேர்தான் வருவாங்க, அங்க கவனிப்பாளர் இடத்துல பயிற்சியாளர் மாறி மாறி உட்காரட்டும். தகராறுக்காரர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி அட்டை. பொதுவான கதை ரெண்டு அட்டையிலயும் இருக்கும். கூடவே மத்தவங்களுக்குத் தெரியாத ஒரு விஷயமும் இருக்கணும், உதாரணத்துக்கு “வீட்டில் நோயாளி இருக்கிறார், வெளியே சொல்ல விருப்பமில்லை”. நடுநிலையாளர் சரியாக் கேட்டாத்தான் அது வெளிய வரணும், கேட்காட்டி நடிக்கிறவர் சொல்லவே கூடாது. 20 நிமிடம் நடிப்பு, 10 நிமிடம் அலசல், அப்புறம் பாத்திரம் மாத்துங்க.

அலசல்ல வரிசை முக்கியம். முதல்ல நடுநிலையாளரா இருந்தவர் பேசணும். அடுத்து தகராறுக்காரங்க “எந்த இடத்துல என் பேச்சு காதுல விழுந்துச்சுன்னு தோணுச்சு, எந்த இடத்துல மனசை மூடிக்கிட்டேன்”னு சொல்லணும். கவனிப்பாளர் கடைசி. அவர் கையில ஒரு தாள்: ஆமா-இல்லன்னு முடியற கேள்வி எத்தனை, விரிவா பதில் வர்ற கேள்வி எத்தனை, அறிவுரை எத்தனை, குறுக்கீடு எத்தனைன்னு கோடு போட்டு வைப்பார். கோபக்காரரா நடிச்சவர் ஒவ்வொரு முறையும் எழுந்து, தன் பேரைச் சொல்லி, நாற்காலி மாறி உட்காரணும். சின்ன விஷயமாத் தெரியும். ஆனா இதை விட்டா நடிப்புல வந்த கசப்பு பயிற்சிக் குழுவுக்குள்ளயே தங்கிடும்.

முதல் நாள்லயே செய்யவேண்டிய பயிற்சி ஒண்ணு: ரெண்டு பேர் எதிரெதிரே உட்காரணும். ஒருத்தர் 3 நிமிடம் தன் மனக்குறையைச் சொல்வார். மத்தவர் வாயே திறக்கக் கூடாது, “ம்” கூட இல்ல. முடிஞ்சதும் கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்லணும். அறிவுரையும் ஆறுதலும் “எனக்கும் இப்படித்தான்”ங்கிறதும் எவ்வளவு வேகமா வாய்க்கு வருதுன்னு எல்லாருக்கும் அன்னைக்கே புரிஞ்சிடும்.

அடுத்தது சாட்டுற பேச்சைத் தேவையா மாத்திச் சொல்றது. “அவன் பணத்தைத் திங்கிறான்”னு ஒருத்தர் சொன்னா, “செலவுக் கணக்கு வெளிப்படையா தெரியணும்னு எதிர்பார்க்கறீங்க”ன்னு மாத்தணும். இப்படி 20 வாக்கியம் எழுதிக் கொடுத்துப் பழக்குங்க. ரொம்ப மழுப்பவும் கூடாது. “கொஞ்சம் வருத்தமா இருக்கீங்க போல”ன்னு கொதிச்சுப்போயிருக்கவரைப் பார்த்துச் சொன்னா அவர் இன்னும் கொதிப்பார். கோபத்தோட அளவைக் குறைக்காம, சாட்டுறதை மட்டும் எடுக்கணும்.

தகராறுக்காரங்க தாங்களே பேசறதுக்கு அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் வகுத்த நாலு படி நல்லா உதவும்: பார்த்தது, அதனால வந்த உணர்வு, அதுக்குப் பின்னாடி இருக்கிற தேவை, செய்யக்கூடிய ஒரு வேண்டுகோள். “எப்பவும் வழியை மறிச்சு நிறுத்தறீங்க” இல்ல, “இந்த வாரம் ரெண்டு தடவை வண்டி வாசலை மறிச்சு நின்னுச்சு”. ‘எப்பவும்’, ‘ஒருநாள்கூட’ இந்த ரெண்டும் வந்தா எதிராளி விதிவிலக்கைத் தேட ஆரம்பிச்சிடுவார், பேச்சு அங்கேயே திசைமாறிடும்.

பயிற்சி முடிஞ்ச உடனே தனியா விடாதீங்க. ரெண்டு அமர்வு பார்க்கட்டும், மூணு அமர்வு அனுபவமுள்ளவரோட சேர்ந்து நடத்தட்டும். ஆரம்பத்துல அனுபவமுள்ளவர் உங்ககிட்ட யாருமே இல்லன்னா வேற சமரசக் குழுவுலேர்ந்து கூப்பிடுங்க. மாசம் ஒரு முறை 90 நிமிடம் கூடி, பேர் சொல்லாம நடந்த அமர்வுகளை அலசணும். இந்த மாசக் கூட்டம் நின்னா, ஓராண்டுக்குள்ள எல்லாரும் பழையபடி தீர்ப்புச் சொல்ற வழக்கத்துக்குப் போயிடுவாங்க.

ஆள் தேர்வுல ஒண்ணு. ஊரே மதிக்கிற பெரியவங்களை மட்டும் சேர்க்காதீங்க, அவங்களுக்கு முடிவு சொல்லிப் பழக்கம். 1976ல சான்பிரான்சிஸ்கோவுல தொடங்கின சமூக சமரச மன்றங்கள், அக்கம்பக்கத்துச் சாதாரண ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து இந்த வேலையில உட்கார வெச்சது. இளைஞர், பெண்கள், வாடகைக்கு இருக்கவங்க, அங்க புழங்குற எல்லா மொழி பேசுறவங்களும் குழுவுல இருக்கணும். இல்லாட்டி வர்றவங்க “இது அவங்க ஆளுங்க குழு”ன்னு ஒதுங்கிடுவாங்க.

---

காப்புவேலி:

எதை எடுக்கக் கூடாது என்ற கேள்விக்கு வருகிறேன். குடும்ப வன்முறை, பாலியல் தொல்லை, குழந்தைகளுக்கு எதிரான கொடுமை, ஆயுதம் காட்டி மிரட்டல், பிறப்பையோ மதத்தையோ சொல்லி இழிவுபடுத்துவது. இவற்றைச் சமரசத்துக்கு எடுக்கவே கூடாது. இருவராலும் பயமில்லாமல் “முடியாது” என்று சொல்ல முடியும் என்ற அடிப்படையில்தான் சமரசம் நிற்கிறது. அடிவாங்குகிறவரால் அதைச் சொல்ல முடியாது. அவரை அடிப்பவர் பக்கத்தில் உட்காரவைத்து “இரண்டு பேரும் விட்டுக்கொடுங்கள்” என்பது கொடுமைக்குத் துணைபோவது. அமைதி என்ற பெயரில் பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கிற குழு இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே நல்லது.

இது வெளிப்படையாகத் தெரிந்துவிடாது. சத்தம் பற்றிய புகாராகவே வரும், உள்ளே வேறொன்று இருக்கும். அதனால் தனிச் சந்திப்பில் கட்டாயம் கேளுங்கள்: “இங்க நீங்க ஒத்துக்கலன்னா அப்புறம் என்ன நடக்கும்?” “அவர் கோபப்பட்டா என்ன செய்வார்?” “அவர் முன்னாடி சொல்ல முடியாதது ஏதாவது இருக்கா?” கணவன் மனைவி என்றால் இதைச் சேர்த்துவைத்துக் கேட்பதில் பயனில்லை. பதிலில் பயம் தெரிந்தால் அமர்வு வேண்டாம். காரணத்தை மறுதரப்பிடம் சொல்லாதீர்கள், “இது எங்கள் குழுவுக்கு ஏற்றதல்ல” என்பதோடு நிறுத்துங்கள். காவல்துறை, சட்ட உதவி மையம், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான உதவி எண்கள் அடங்கிய பட்டியல் முதல் நாளிலிருந்தே கையில் இருக்க வேண்டும்.

ரகசியத்துக்கு விதிவிலக்கு உண்டு என்று நடுக்கல் சொன்னது இதற்காகத்தான். யாருடைய உயிருக்காவது ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை என்று தெரிந்தால் மூடிவைக்க மாட்டோம் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். மற்றபடி அமர்வில் எடுத்த குறிப்புகளை முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்ட உடன்பாடு மட்டும் மிஞ்சட்டும்.

சமமின்மை எல்லாமே விலக்க வேண்டியதல்ல. ஒருவர் நன்றாகப் பேசுவார், மற்றவர் தயங்குவார் என்றால் துணைக்கு ஒருவரை அழைத்துவரச் சொல்லலாம், அடிக்கடி இடைவேளை விடலாம், ஒரே அறையில் வைக்காமல் நடுநிலையாளர் இரு அறைகளுக்கும் போய்வரலாம். ஒரு தரப்பு சங்க நிர்வாகி என்றால் அமர்வைச் சங்க அலுவலகத்தில் வைக்காதீர்கள்.

சட்டம் தொடர்பாக ஒரு எச்சரிக்கை. பணம், நிலம், வாடகை என்றால் வழக்குத் தொடுக்கக் காலக்கெடு இருக்கும். நீங்கள் நடத்துகிற பேச்சு அந்தக் கெடுவை நிறுத்திவைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கெடு நெருங்கியிருந்தால் முதலில் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். குற்றப் புகார் கொடுக்க மாட்டேன் என்ற உறுதியை உடன்பாட்டில் எழுதி வாங்காதீர்கள். இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டம், சிங்கப்பூரில் 1997இல் வந்த சமூக சமரச நிலையச் சட்டம் என்று சில நாடுகளில் இதற்குச் சட்டமே உண்டு. உங்கள் குழு அப்படிப்பட்ட அமைப்பு அல்ல என்பதைப் பெயர்ப்பலகையிலும் தாளிலும் தெளிவாகச் சொல்லுங்கள்.

---

வாசல்திண்ணை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. மூன்று சந்தேகங்கள். ஒரு தரப்பு வரவே மறுத்தால்? குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சண்டை வெடித்தால்? எழுதிய உடன்பாட்டை ஒருவர் மீறினால்?

---

நடுக்கல்:

வர மறுத்தால்: அழைப்பிலேயே பிரச்சினை இருக்கலாம். “உங்கள் மீது புகார் வந்திருக்கிறது” என்று தொடங்கினால் யாரும் வர மாட்டார்கள். “இரவு நேரச் சத்தம் பற்றிப் பேச விரும்புகிறார்கள், உங்கள் பக்கமும் கேட்க ஆசைப்படுகிறோம்” என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். முதல் முறை மறுத்தால் ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. அதற்கு மேல் போனால் வற்புறுத்தலாகிவிடும். மறுத்ததை வெளியே சொல்லக் கூடாது. வந்த தரப்பை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் தானே போய்ப் பேசினால் எந்த நேரத்தில், எந்த வார்த்தையில் தொடங்குவது என்று ஒத்திகை பார்க்க உதவலாம். பல விஷயங்கள் அதிலேயே தீரும்.

வாட்ஸ்அப்: எழுத்தில் குரல் கேட்காது, 300 குடும்பமும் வேடிக்கை பார்க்கும்போது யாராலும் இறங்கிவர முடியாது. குழுவுக்குள் சமரசம் செய்யவே முயலாதீர்கள். “இதை நேரில் பேசலாம், இருவரையும் தனியாகத் தொடர்புகொள்கிறோம்” என்ற ஒரு வரியை மட்டும் நிர்வாகி போடட்டும். யார் பக்கம் நியாயம் என்ற கருத்து உங்கள் குழுவினர் ஒருவரிடமிருந்துகூட வரக் கூடாது. கட்டைவிரல் குறி போட்டாலும் சார்புதான்.

மீறினால்: முக்கால்வாசி மீறல்களுக்கு உடன்பாடு எழுதிய விதமே காரணம். “இனி மரியாதையாக நடந்துகொள்வோம்” என்பதில் யார் மீறினார் என்று எப்படிச் சொல்ல முடியும்? யார், எதை, எப்போதிலிருந்து, எவ்வளவு நாள் என்று எழுதுங்கள். “திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 9க்கு மேல் பயிற்சி இல்லை. சனிக்கிழமை 10 வரை. நேரம் மாற வேண்டுமானால் முந்தின நாளே செய்தி அனுப்ப வேண்டும். சத்தம் தொந்தரவானால் முதலில் நேரே அழைத்துச் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் போடக் கூடாது.” இரு தரப்புக்கும் கடமை இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் எல்லாம் செய்வதாக இருந்தால் அது தீர்ப்புதான். நான்கு வாரச் சோதனைக் காலம் வைத்தால் சம்மதிக்கவும் எளிது, மாற்றவும் எளிது. இரண்டாம் வாரம் தொலைபேசியில் இருவரையும் விசாரியுங்கள், ஆறாம் வாரம் மறுபடியும். மீறல் வந்தால் தண்டனை பேசாமல், எந்த வரி நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று அமர்ந்து அந்த வரியைத் திருத்துங்கள்.

---

பள்ளிமுற்றம்:

பிள்ளைகள் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

9, 10 வயதிலிருந்து பிள்ளைகளே பிள்ளைகளுக்கு நடுநிலையாளராக இருக்கப் பழகலாம். 10 முதல் 15 மணி நேரப் பயிற்சி போதும், ஒரு முறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எப்போதும் இருவராகச் செயல்படட்டும், கூப்பிடு தூரத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். விளையாட்டில் முறை, பொருளை எடுத்தது, பட்டப்பெயர், வதந்தி போன்றவை அவர்களுக்கு ஏற்றவை. ஒரு பிள்ளையைத் தொடர்ந்து குறிவைத்துத் துன்புறுத்துவது ஏற்றதல்ல. அதில் இரு பக்கமும் சமமில்லை, பெரியவர்கள்தான் தலையிட வேண்டும். நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவர்களை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அடிக்கடி சண்டையில் மாட்டுகிற பிள்ளைகளும் இருந்தால்தான் மற்றவர்கள் நம்பி வருவார்கள், அவர்களும் நன்றாகச் செய்வார்கள். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு “நீ... செய்யும்போது எனக்கு... மாதிரி இருக்கு, இனி... செய்வியா?” என்ற ஒரு வாக்கிய அமைப்பும், கோபம் தணிய ஐந்து மூச்சும் போதும்.

யார் தவறு செய்தார் என்பது தெளிவாகத் தெரிகிற இடத்தில், உதாரணமாகக் கண்ணாடியை உடைத்திருந்தால், சமரசம் பொருந்தாது. அங்கே வேறு முறை. 1974இல் கனடாவின் கிச்சனர் பகுதியில் இரண்டு இளைஞர்கள் 22 இடங்களில் பொருள்களைச் சேதப்படுத்தினார்கள். நீதிமன்றம் அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்திக்க வைத்து, இழப்பை ஈடுசெய்யவும் உத்தரவிட்டது. சீர்செய்யும் நீதி என்று இன்று பல நாடுகளில் நடக்கும் முறைக்கு அது ஒரு தொடக்கம். வட்டமாக உட்கார்ந்து, கையில் ஒரு பொருள் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம் என்று வைத்து, வரிசையாகக் கேளுங்கள்: என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? யாருக்கெல்லாம் பாதிப்பு, எப்படி? சரிசெய்ய என்ன செய்ய வேண்டும்? பாதிக்கப்பட்டவர் மனமார ஒப்புக்கொண்டால் மட்டுமே இதைக் கூட்டுங்கள். “மன்னிப்புக் கேள்” என்று யாரும் சொல்லக் கூடாது, கட்டாயத்தில் வரும் மன்னிப்பு பாதிக்கப்பட்டவரை இன்னொரு முறை காயப்படுத்தும். கண்ணாடிச் செலவைச் சிறுகச் சிறுகக் கொடுப்பது, சேர்ந்து சுத்தம் செய்வது என்று கையால் செய்யக்கூடியதாக முடிவு இருக்கட்டும், அது முடிய ஒரு தேதியும் குறியுங்கள்.

பெற்றோரை மறக்காதீர்கள். பிள்ளைகள் பயிற்சிக்கு முன்பே பெற்றோருக்கு இரண்டு மணி நேரக் கூட்டம் ஒன்று வையுங்கள். பிள்ளைகள் சமாதானமாகி விளையாடப் போன பிறகும் பெற்றோர் பேசாமல் இருந்தால், மறுநாள் வீட்டுப் பேச்சு பிள்ளைகள் வழியாக மைதானத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே நான்கு கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து அந்தக் கூட்டத்தில் பெற்றோருக்கும் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு ஒரு சின்னச் சண்டையை எடுத்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.